எஃப்.ஐ.ஆருக்கும் தீர்ப்புக்கும் நடுவில்

செவ்வாய்ப்பேட்டை மண்டித் தெருவில் காலை பத்து மணிக்கு மேல் நின்று பேச முடியாது. ஒரு பக்கம் லாரியிலிருந்து மூட்டை இறங்கும். இன்னொரு பக்கம் குட்டியானையில் ஏறும். நடுவில் கிடைத்த சந்தில் டூவீலர்கள் புகுந்து போகும். அந்த நெரிசலுக்குள் போன மாதம் ஒரு பெண் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். மண்டியில் பருப்பு புடைத்துச் சுத்தம் செய்யும் கூலி வேலை அவருக்கு. சொந்த ஊர் சேலத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஊர்த் திருவிழாவில் அவருடைய கொழுந்தனை அடித்துப் போட்டார்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டியதையும் கட்டையால் அடித்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் இவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. நம் சனங்கள் இன்றைக்கும் பழைய பழக்கத்தில் அதை 'பி.சி.ஆர். கேஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது சாட்சி சொல்ல வரச்சொல்லி சம்மன் வந்திருக்கிறது. சம்மன் வருவதற்கு முன்பே ஆள் வந்துவிட்டது. முதலில் வந்தவர் மிரட்டவில்லை. "எதுக்கும்மா உனக்கு இந்த வேலை, ஒரே ஊர்ல இருக்கோம்" என்று பேசிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர், வீட்டுக்காரர் வாங்கிய கடனை ஞாபகப்படுத்தினார். மூன்றாவதாக வந்தது உறவுக்காரரே. சமாதானமாகப் போய்விட்டால் ஏதாவது பணம் பார்த்துக் கொடுப்பார்கள் என்றாராம்.

"ஏனுங்கண்ணா, பேப்பர்ல தீர்ப்பு தீர்ப்புன்னு எழுதறீங்களே, அதெல்லாம் எங்க கேஸ் வரைக்கும் வருமுங்களா?"

கேட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். பதில் என்னிடம் தயாராக இல்லை. இந்த வாரப் பத்தி அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

எழுதியது உண்மைதான். கடந்த சில ஆண்டுகளில் சென்னை உயர்நீதிமன்றம் சாதி தொடர்பாகக் கொடுத்த தீர்ப்புகளில் பல, நாம் கொண்டாடத் தகுந்தவை. அவற்றில் சில நம் மண்ணிலேயே பிறந்தவை. சேலம் சுகவனேஸ்வரர் கோயிலில் அர்ச்சகர் பணிக்கு 2018-ல் அறிவிப்பு வந்தபோது, பரம்பரை உரிமை கோரி ஒரு குருக்கள் வழக்குப் போட்டார். 2023 ஜூன் 26 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அதில் தீர்ப்பளித்தார். ஆகமமும் பூசை முறையும் முறையாகக் கற்றவர் யாராக இருந்தாலும் அர்ச்சகர் ஆகலாம், சாதி வழி வந்த வம்சாவளிக்கு அந்த நியமனத்தில் இடமில்லை என்பது அதன் சாரம். 2025 பிப்ரவரியில் பொன்காளியம்மன் கோயில் வழக்கு வந்தது. எங்கள் சாதிதான் இந்தக் கோயிலைப் பராமரிக்கிறது, மற்றக் கோயில்களோடு சேர்க்காமல் தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்பது கோரிக்கை. நீதிபதி டி.பரத சக்கரவர்த்தி மறுத்துவிட்டார். ஒரு சாதி தன்னை ஒரு சமயப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு கோயிலுக்கு உரிமை கோர முடியாது என்றார். அதே 2025 ஜூலையில் அரியலூர் மாவட்டம் புதுக்குடி அய்யனார் கோயிலில் எல்லாச் சாதியாரும் நுழைவதை உறுதிசெய்யச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்தது.

படித்தால் மனம் நிறைகிறது. ஆனால் சுகவனேஸ்வரர் கோயில் தீர்ப்பு வந்த அதே ஆண்டு ஜனவரியில், இதே சேலத்தை ஒட்டிய திருமலைகிரியில் என்ன நடந்தது? மாரியம்மன் கோயிலுக்குள் போன ஒரு தலித் இளைஞரை ஊரே கூடி நிற்க, ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் மட்டும் திட்டியிருந்தால் அது காற்றில் போயிருக்கும். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். காணொளி பரவியது. அதன் பிறகே கட்சி அவரை நீக்கி வைத்தது, போலீஸ் கைது செய்தது. அர்ச்சகர் விஷயத்திலும், 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஆகமக் கோயில்களின் நியமனத்தில் இப்போதுள்ள நிலையே தொடரட்டும் என்று சொல்லிவிட்டது. படித்து முடித்த பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கோயில் தீர்ப்புகளை இத்தோடு விடுகிறேன். மண்டிப் பெண் கேட்டது வேறு. அவர் கேட்டது குற்ற வழக்கைப் பற்றி, சாட்சிக் கூண்டில் ஏறுவதைப் பற்றி. அதற்கு நாம் பார்க்க வேண்டிய தீர்ப்பு, 2023 ஜூன் 2 அன்று கோகுல்ராஜ் கொலை வழக்கில் நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு கொடுத்த தீர்ப்பு.

கதை நம் வாசகர்களுக்குத் தெரியும் என்றாலும், இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ். தலித். 2015 ஜூன் 23 அன்று, உடன் படித்த கொங்கு வெள்ளாளர் சமூகப் பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக் கோயிலுக்குப் போனார். அங்கிருந்து ஒரு கும்பல் அவரைக் கொண்டுபோனது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். தற்கொலை என்று நம்பவைக்க அவரிடமே கடிதம் எழுதி வாங்கியிருந்தார்கள், பேசவைத்துப் படமும் பிடித்திருந்தார்கள். முதன்மைக் குற்றவாளி, தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் யுவராஜ். தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியவர், அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைந்தார். இதற்கு நடுவில், விசாரணையில் இருந்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பர் 18 அன்று தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார்.

இந்த வழக்கின் முக்கியச் சாட்சி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கோகுல்ராஜோடு கோயிலுக்குப் போன அந்தப் பெண். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. சம்பவம் நடந்த புதிதில் மாஜிஸ்திரேட் முன்னால் நடந்ததைச் சொன்னார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-வது பிரிவில் கொடுக்கும் வாக்குமூலம் அது (இப்போதைய புதிய சட்டத்தில் 183). 2018-ல் நாமக்கல் நீதிமன்றத்தில் கூண்டில் ஏறியபோது எல்லாவற்றையும் மறுத்துவிட்டார். சட்டத்தின் மொழியில் பிறழ் சாட்சி.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. நம் இளைஞர்களில் பலர், மாஜிஸ்திரேட்டிடம் சொன்னால் வழக்கு உறுதியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 164 வாக்குமூலம் தன்னளவில் முழுச் சாட்சியம் ஆகாது. கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்ய, அங்கே சொல்வதுதான் சாட்சியம். முன்னால் சொன்னது அதைத் தாங்கிப் பிடிக்கவோ அதோடு முரண்படுவதைக் காட்டவோ பயன்படும். வழக்குப் பதிவுக்கும் கூண்டுக்கும் நடுவில் இரண்டு வருடம் ஆகலாம், மூன்று வருடம் ஆகலாம். அந்த இடைவெளியில் சாட்சி யார் வீட்டில் சாப்பிடுகிறார், யாரிடம் கூலிக்குப் போகிறார், யார் முகத்தில் தினமும் விழிக்கிறார் என்பதுதான் வழக்கைத் தீர்மானிக்கிறது.

முக்கியச் சாட்சி போன பிறகும் கோகுல்ராஜ் வழக்கு சாகாததற்குக் காரணம், முதலில் அவருடைய தாய். நாமக்கல்லில் நியாயம் கிடைக்காது, வேறு ஊருக்கு மாற்றுங்கள் என்று உயர்நீதிமன்றம் போனார். 2019-ல் வழக்கு மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவர் கேட்டுப் போராடித்தான் பவானி மூத்த வழக்கறிஞர் ப.பா.மோகன் அரசுத் தரப்புச் சிறப்பு வழக்கறிஞராக வந்தார். ஓமலூரிலிருந்து மதுரைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வாய்தா வாய்தாவாக அந்தத் தாய் போய் வந்தார். குற்றம் சாட்டப்பட்ட 17 பேரில் 15 பேர் மீதே விசாரணை முடிந்து தீர்ப்பு வந்தது. 2022 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 5 பேரை விடுவித்தது. யுவராஜுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை.

மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் செய்ததைத்தான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொதுவாக மேல்முறையீடு என்றால் கீழ்க்கோர்ட்டுக் காகிதக் கட்டைப் புரட்டுவார்கள், இரு தரப்பு வழக்கறிஞர்களும் வாதிடுவார்கள், முடிந்தது. இந்த அமர்வு அப்படி நிற்கவில்லை. பிறழ்ந்துபோன சாட்சியைத் திரும்ப அழைத்தது. கோயில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியைப் போட்டுக் காட்டி, இது நீங்கள்தானே என்று நீதிபதிகளே கேட்டார்கள். அப்போதும் அவர் தான் இல்லை என்றார். நீதிமன்றம் தானாக முன்வந்து அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. 2023 ஜனவரியில் இரு நீதிபதிகளும் திருச்செங்கோடு மலைக்கு நேரிலேயே வந்தார்கள். கேமரா எந்த இடத்தில் இருந்தது, எதைப் பார்த்துக்கொண்டிருந்தது, படி எங்கே, வாசல் எங்கே என்று பார்த்தார்கள். உடல் கிடந்த ரயில் பாதைக்கும் போனார்கள். அந்தக் கேமராப் பதிவை ஒழித்துக்கட்டத்தான் எதிர்த்தரப்பு படாத பாடு பட்டது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. மனிதச் சாட்சி பின்வாங்கிய இடத்தில் சூழ்நிலைச் சான்றுகளைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, யுவராஜ் உள்ளிட்ட 8 பேரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. இருவருக்கு மட்டும் தண்டனை 5 ஆண்டாகக் குறைந்தது. விடுவிக்கப்பட்ட 5 பேரின் விடுதலை அப்படியே நின்றது.

நம்மில் எத்தனை பேருக்கு 1973 ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. எனக்கு வந்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்திய வழக்கு. கீழ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்றவர்களையும் தண்டித்தது. இதே சென்னை உயர்நீதிமன்றம் 1973-ல் விடுவித்தது. நிலமும் காரும் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அன்றைய நீதிபதிகள் சொன்ன காரணம். அன்று சாட்சிகள் இல்லாமல் போகவில்லை. எரிந்த குடிசைகளிலிருந்து தப்பியவர்கள் இருந்தார்கள், சொன்னார்கள். சேரியிலிருந்து வந்த சாட்சியத்தை நம்ப நீதிமன்றத்துக்கு மனம் வரவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் உண்மையைத் தேடி மலையேறினார்கள். இந்தத் தூரத்தைக் கடந்தது சாதாரணம் அல்ல.

அதற்காக ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு நீதிபதிகள் மலையேறி வருவார்கள் என்று நாம் உட்கார்ந்திருக்க முடியாது. மண்டிப் பெண்ணின் ஊர்த் திருவிழாவில் கேமரா எதுவும் இல்லை. அவர் சொன்னால் வழக்கு உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

பிறழ்ந்துபோன அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தீர்ப்பு வந்த நாட்களில் நம் பக்கத்து இளைஞர்கள் பலர் அவரைக் கண்டபடி ஏசி எழுதினார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அந்தக் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். நீதிமன்றம் அவமதிப்பு என்றது சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் கோகுல்ராஜ் கொல்லப்பட்ட பிறகு, முதல் வாக்குமூலத்துக்கும் கூண்டுக்கும் நடுவில் அவர் எங்கே இருந்தார்? தன் சாதிக்காரர்களின் நடுவில், தன் வீட்டில். கொலை செய்தவர்களை வீரன் என்று சுவரொட்டி ஒட்டிய ஊர் இது. ஒரு சின்னப் பெண்ணை அங்கே விட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்துக் கூப்பிட்டு, உண்மையைச் சொல் என்றால் என்ன அர்த்தம்? அவரைக் காப்பாற்றும் பொறுப்பு அரசுக்கு இருந்தது.

இதற்கு மறுபக்கமும் நம் கண்முன்னே இருக்கிறது. வாச்சாத்தி. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடிக் கிராமம். தர்மபுரி 1965 வரை நம் சேலம் மாவட்டத்தோடு இருந்ததுதான். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஊரை நாசமாக்கிவிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் உள்ளிட்டு 133 பேரைக் கொண்டுவந்து அடைத்தது நம் சேலம் மத்திய சிறையில். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, நீதிபதி பி.வேல்முருகன் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளினார். அவரும் தீர்ப்புக்கு முன் வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தவர். பாதிக்கப்பட்ட பெண் ஒவ்வொருவருக்கும் 10 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

31 ஆண்டு. எதிரே நின்றது மொத்த அரசு இயந்திரம். அந்தப் பெண்கள் எப்படிப் பின்வாங்காமல் நின்றார்கள்? அவர்கள் நம்மைவிடத் தைரியசாலிகள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் நான் கவனித்தது வேறு. வாச்சாத்தியில் சாட்சி தனியாக இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒருத்தி தளர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் தொடக்கம் முதல் கடைசிவரை கூட இருந்தன. பஸ் செலவிலிருந்து வழக்கறிஞர்வரை யாராவது பார்த்துக்கொண்டார்கள். அடித்தவர்களின் தோட்டத்தில்தான் மறுநாள் கூலிக்குப் போக வேண்டும் என்ற நிலை அங்கே இல்லை. நம் சமவெளியில் அதுதான் நிலை. ஊரும் காலனியும் ஒரே வரப்பில் இருக்கின்றன. விசைத்தறி அவர்களுடையது, செங்கல் சூளை அவர்களுடையது, கோழிப் பண்ணையும் லாரி பட்டறையும் அவர்களுடையவை. அருந்ததியர் காலனியில் பத்து வீடு இருந்தால் எட்டு வீட்டுக்கு அங்கே முன்பணக் கடன் இருக்கும்.

இந்த நிலை சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தில் 15அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும், அவரைச் சார்ந்தவர்களுக்கும், சாட்சிகளுக்கும் முழுப் பாதுகாப்பு, பயணச் செலவு, பிழைப்புச் செலவு, தேவைப்பட்டால் வேறு இடத்தில் குடியமர்த்துவது ஆகியவற்றை நீதிமன்றமே உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அது. ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவித்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். அறிவிப்பு கொடுக்காமல் ஜாமீன் கொடுப்பது தவறு என்று 2021-ல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. விசாரணை முழுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்றுகூட இருக்கிறது.

சட்ட விதிகளில் 11-வது விதி இன்னும் நுணுக்கமானது. சாட்சி சொல்லப் போகும் நாளுக்கு, விவசாயக் கூலிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் படி கொடுக்க வேண்டும். பெண் சாட்சி என்றால் தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம், அந்தத் துணைக்கும் செலவுத் தொகை உண்டு. எல்லாவற்றையும் உடனடியாக, தாமதமானாலும் மூன்று நாளைக்குள், கையில் கொடுத்துவிட வேண்டும். 4(5) விதிப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரைத் தன் வழக்கை நடத்தக் கேட்டுப் பெறலாம். இதற்கெல்லாம் மேல், 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுத்தால், மிரட்டல் எவ்வளவு கடுமை என்று போலீஸ் அதிகாரியிடம் அறிக்கை வாங்கிப் பாதுகாப்புக்கு உத்தரவிட வேண்டும். எல்லா மாநிலமும் இப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 398-வது பிரிவில் சொல்கிறது.

நான் மண்டிப் பெண்ணிடம் மறுவாரம் போய் இதில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஜாமீனுக்கு முன் அறிவிப்பு வந்ததா? இல்லை. படி கிடைக்கும் என்று சம்மன் கொண்டுவந்த போலீஸ்காரர் சொன்னாரா? இல்லை. துணைக்கு ஆள் கூட்டிப் போகலாம் என்று தெரியுமா? "அதெல்லாம் நமக்கு யாருங்கண்ணா சொல்றாங்க" என்று சிரித்தார். கோர்ட்டுக்குப் போகிற நாளில் மண்டிக் கூலி போய்விடும் என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்ட விழிகண் மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று உண்டு என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை வழக்கில் எத்தனை சாட்சிக்குப் படி கொடுத்தோம், எத்தனை பேர் பாதுகாப்புக் கேட்டார்கள் என்ற கணக்கை வைத்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். சேலம், நாமக்கல் இரு மாவட்டத்து உறுப்பினர்களும் அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்று பத்தியின் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

அரசை மட்டும் குறை சொல்லிவிட்டுக் கையைக் கழுவ எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. இருபது வருடமாக இயக்கத்தில் இருக்கிறவன் நான். சம்பவம் நடந்த அன்று நாங்கள் இருப்போம். அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் உட்காருவோம், எஃப்.ஐ.ஆர். போடு என்று கோஷம் போடுவோம், சுவரொட்டி ஒட்டுவோம். பிறகு தீர்ப்பு வருகிற அன்று இருப்போம். இனிப்பு வாங்கிக் கொடுப்போம், பேட்டி கொடுப்போம். நடுவில் இருக்கிற வருடங்களில் எங்களில் யார் இருந்தோம்? வாய்தா என்றைக்கு என்று கேட்டு ஒரு போன் போட்டோமா? எங்கள் கண்ணெதிரிலேயே வழக்குகள் ஒவ்வொன்றாகச் சமாதானம் ஆகியிருக்கின்றன. சாட்சி விலை போய்விட்டார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த சம்பவத்துக்குப் போயிருக்கிறோம். நான்கு வருடத்துக்கு முன் ஒரு வழக்கில் சாட்சியாக இருந்த பெரியவர், பிறழ்ந்துபோன பிறகு என்னைப் பார்த்தால் தெரு மாறிப் போவார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நின்றுபோகும் என்று மிரட்டினார்கள் என்பதே எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

அதனால் எங்கள் தோழர்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். பெயர், பலகை எதுவும் வைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த வழக்குகளின் வாய்தா தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வழக்குக்கும் இருவர் பொறுப்பு. அவர்கள் மாதம் ஒருமுறையாவது சாட்சி வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். யாராவது வந்து பேசினார்களா, என்ன சொன்னார்கள், என்றைக்குச் சொன்னார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மிரட்டல் என்றால் அன்றைக்கே எழுத்தில் மனு. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம், தனி வழக்குப் போடலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 11-வது விதிப் படிக்கு ஒரு மனு மாதிரி அடித்து ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். வேண்டுகிறவர்கள் அம்பேத்கர் மன்றங்களில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மண்டிப் பெண் இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லை. கடன் விஷயம் அவரை அரிக்கிறது. வீட்டுக்காரருக்கும் பயம் இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்ல நான் யார்? அந்த ஊரில் தினமும் விடிந்து எழுந்து வாழப் போவது அவர்கள். கடனை என்ன செய்யலாம் என்று ஒருபக்கம் பேசிக்கொண்டிருக்கிறோம். பாதுகாப்புக் கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தாகிவிட்டது. படிக்கான மனுவும் போய்விட்டது. துணைக்கு யாரை அழைத்துப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மண்டியில் கூடவே பருப்பு புடைக்கிற ஒரு அக்காவின் பெயரைச் சொன்னார். அந்த அக்காவின் பெயரையும் மனுவில் எழுதியிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய இடம் என்பதால்தான் இந்தப் பேட்டைக்கு இந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாய்தா விழுந்திருப்பதும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். காலை ஏழரை மணி பஸ்ஸில் போனால் கோர்ட்டு திறப்பதற்குள் போய்விடலாம். அந்த அக்கா வருகிறார், தோழர்கள் இருவர் வருகிறார்கள், நானும் போகிறேன்.